இணையவழிக் கருத்தாய்வில் தகவலறிந்த ஒப்புதல்: திருப்பூர் ஆடைத் தொழிலை முன்வைத்து

ஆய்வு ஒன்றில் பங்கேற்பவர், அது எதற்காக நடக்கிறது, தம்மிடம் என்ன கேட்கப்படும், சொன்ன பதில் யார் கைக்குப் போகும், அதனால் தமக்கு என்ன நேரலாம் என்பவற்றைத் தெரிந்துகொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தரும் சம்மதமே தகவலறிந்த ஒப்புதல் எனப்படுகிறது. மறுப்பதற்கும் பாதியில் விலகுவதற்கும் உள்ள உரிமையும் இதில் அடங்கும். இணையவழிக் கருத்தாய்வுகளில் இது பெரும்பாலும் 'சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தை விரலால் தொடுவதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தொடுதல் எந்த அளவுக்குச் சம்மதம் ஆகும் என்ற கேள்விக்குத் திருப்பூர் வட்டாரத்தின் பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் நல்ல எடுத்துக்காட்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்கள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரசு அலுவலர்கள் எனப் பலரும் இங்குள்ள தொழிலாளர்களிடம் கேள்வித்தாளோடு வந்திருக்கிறார்கள்.

ஒப்புதல் என்ற கருத்து வந்த வழி

இந்தியாவில் பெரிய அளவில் மக்களிடம் கேள்வி கேட்டது முதலில் அரசுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒப்புதலுக்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொல்வது கடமை. அந்தக் கட்டாயத்துக்கு ஈடாக, தனிமனிதரின் விவரக் குறிப்பை வேறு எவரும் பார்வையிட முடியாது என்றும் அதே சட்டம் உறுதி தருகிறது.

ஒப்புதல் என்ற கருத்து மருத்துவத் துறையிலிருந்து வந்தது. நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையின் முடிவில் 1947இல் உருவான நியூரம்பெர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்பச் சம்மதத்தை முதல் நிபந்தனையாக வைத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1980இல் தன் முதல் கொள்கை அறிக்கையையும், 2000, 2006, 2017 ஆண்டுகளில் விரிவான நெறிமுறைகளையும் வெளியிட்டது. நலவாழ்வு குறித்த சமூக அறிவியல் ஆய்வுகளுக்கென மும்பையின் செஹாட் அமைப்பின் முயற்சியில் 2000இல் தனி நெறிமுறை வந்தது. ஊசியும் மருந்தும் இல்லாத ஆய்வு, வெறும் கேள்விதானே என்ற அலட்சியம் அதற்குப் பிறகும் முழுமையாகப் போகவில்லை. ஆனால் ஒரு பதில் வேலையைப் பறிக்கக்கூடிய இடத்தில் கேள்வியும் ஆபத்தானதுதான்.

விடுதிக் கதவுக்கு வெளியே

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'கேம்ப் கூலி' என்றும் அறியப்பட்ட முறை பரவலாக இருந்தது. பதின்வயதுப் பெண்கள் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும். வெளியே போகவும் தொலைபேசியில் பேசவும் கட்டுப்பாடு இருந்தது. நெதர்லாந்தின் சோமோ நிறுவனமும் இந்தியாவுக்கான நெதர்லாந்துக் குழுவும் இதைப் பற்றி 2011இலும் 2014இலும் அறிக்கைகள் வெளியிட்டன. 2014 அறிக்கை ஐந்து ஆலைகளைச் சேர்ந்த 151 தொழிலாளர்களின் நேர்காணலை அடிப்படையாகக் கொண்டது. இத்தகைய ஆய்வுகளில் பேச்சு நடந்தது ஆலைக்கு வெளியே; பேசியவர்களின் அடையாளம் மறைக்கப்பட்டது. வார்டன் நிற்கும் அறையில் கேட்டால் என்ன பதில் வரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

நிறுவனத் தணிக்கைகளின் நிலை வேறு. 1997இல் எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புத் தரச்சான்று வந்தபின், தொழிலாளரைத் தனியே பேட்டி காண்பது தணிக்கையின் பகுதியாயிற்று. ஆனால் பேட்டி நடப்பது கம்பெனி வளாகத்துக்குள். லைனிலிருந்து யாரை அழைத்துப் போனார்கள் என்பதைச் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருப்பார். 'விருப்பமிருந்தால் பேசுங்கள்' என்று தணிக்கையாளர் சொன்னாலும், பேச மறுப்பதுகூட அங்கே ஒரு பதிலாகவே கவனிக்கப்படும்.

ஆய்வாளருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையில் நிற்கும் இந்த வாயிற்காவலர், சில வேளைகளில் சம்மதத்தையே தாம் கொடுத்துவிடுகிறார். அதற்கு ஆவணச் சான்று ஆலைகளிலிருந்து அல்ல, இன்னொரு வகை விடுதியிலிருந்து கிடைக்கிறது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பும் ஐ.சி.எம்.ஆரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வை நடத்தின. கம்மத்தில் ஊசி போடப்பட்ட சிறுமியரில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள், 1,948இல் கைநாட்டு. நெறிமுறைகளை வகுத்த கழகமே பங்கேற்ற ஆய்வில் இது நடந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. நிர்வாகத்தின் அல்லது ஊர்த் தலைவரின் அனுமதி தனிநபர் ஒப்புதலுக்கு மாற்றாகாது என்பது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின் நிலைப்பாடு.

மிஸ்டு கால் முதல் கூகுள் ஃபார்ம் வரை

கைபேசி வந்தபோது, வாயிற்காவலர் ஒழிந்தார் என்ற நம்பிக்கை பிறந்தது. 2010இல் பெருவில் தொடங்கி இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கு வந்த லேபர் லிங்க் முறையில், தொழிலாளி ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், திரும்ப அழைப்பு வரும். பதிவு செய்த குரல் அவர் மொழியில் கேள்வி கேட்கும். எண்ணை அழுத்திப் பதில் சொல்லலாம். எழுத்தறிவு தேவையில்லை, செலவில்லை, வீட்டிலிருந்தே பேசலாம். ஒப்புதல் நோக்கில் இது உண்மையான முன்னேற்றமே. பிடிக்கவில்லை என்றால் போனை வைத்துவிடலாம். ஆனால் அந்த எண் அச்சிட்ட அட்டையைப் பெரும்பாலும் கம்பெனி வழியாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்மார்ட்போன் பரவியபின் இணையப் படிவங்கள் வந்தன. கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் மனிதவள அலுவலர் ஓர் இணைப்பை அனுப்பி, 'எல்லோரும் இன்றே நிரப்பவும்' என்று எழுதினால், படிவத்தின் முதல் பக்கத்தில் தன்விருப்பம் என்று எத்தனை முறை அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. யார் அனுப்புகிறார் என்பதும் ஒப்புதலின் ஒரு பகுதி. பல வீடுகளில் ஒரே போனைக் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் பயன்படுத்துகிறார்கள். மேற்பார்வையாளரின் தொல்லை பற்றிய பதில் திரையில் இருக்கும்போது அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்பதையும் படிவம் தயாரிப்பவர் நினைக்க வேண்டும்.

பெயர் கேட்கவில்லை, ஆகவே அடையாளம் தெரியாது என்ற வாதமும் பலவீனமானது. கம்பெனி, பிரிவு, வயது, சொந்த மாவட்டம் ஆகிய நான்கும் போதும். ஒரு செக்கிங் பிரிவில் ராமநாதபுரத்திலிருந்து வந்த 42 வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். இதற்கு எதிர்முனையிலும் ஒரு சிக்கல் உண்டு: உண்மையிலேயே அடையாளம் இல்லாத பதிலை அனுப்பியபின், அதைத் திரும்பப் பெற வழியில்லை, எது யாருடையது என்று ஆய்வாளருக்கே தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மொழிச் சிக்கல் தனி. 'தங்கள் தரவுகளின் மந்தணத்தன்மை பேணப்படும்' என்று எழுதுவதைவிட, 'நீங்கள் சொன்னதைக் கம்பெனிக்குச் சொல்ல மாட்டோம்' என்பது எல்லோருக்கும் புரியும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்து பவர் டேபிளில் தைப்பவர்களுக்கு இந்தி மட்டும் போதாது. சந்தாளி பேசுபவரும் மைதிலி பேசுபவரும் அவர்களில் உண்டு. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி அச்சத்தைக் கிளப்பின. அப்படியொரு நேரத்தில் 'உங்கள் சொந்த ஊர் எது' என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் கேள்வி சாதாரணக் கேள்வியாக இருக்காது.

எதுவுமே கேட்காமல் ஆய்வு நடத்திய நிகழ்வும் உண்டு. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் பக்கங்களில் வரும் இடுகைகளின் உணர்ச்சித் தன்மையைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தது. 2014இல் அது கட்டுரையாக வெளிவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. சேரும்போது ஏற்ற பயன்பாட்டு விதிகளே சம்மதம் என்ற விளக்கத்தைப் பலரும் ஏற்கவில்லை. கட்டுரையை வெளியிட்ட இதழே பின்னர் கவலைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது.

சட்டத்தின் நிலை

2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் விவரம் அறிந்தும் நிபந்தனையின்றியும் தெளிவாகவும் தரப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்க வழி இருக்க வேண்டும். சந்தாளியும் மைதிலியும் அப்பட்டியலில் உள்ளன. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியப் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

திருப்பூர்த் தொழிலாளியைப் பொறுத்தவரை சட்டத்தின் இரண்டு விலக்குகள் முக்கியமானவை. தனிநபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத ஆராய்ச்சி, புள்ளிவிவரப் பணிகளுக்கு, வகுக்கப்பட்ட தரங்களைப் பின்பற்றினால், விலக்கு உண்டு. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கு முதலாளி ஊழியரின் தரவை ஒப்புதல் இன்றியே கையாள இன்னொரு பிரிவு இடம் தருகிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் கல்லூரி மாணவரின் படிவமும், கம்பெனியே நடத்தும் 'ஊழியர் திருப்தி' படிவமும் திரையில் ஒன்றுபோல் தோன்றினாலும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. எது எந்த வகை என்பதை முதல் வரியிலேயே சொல்லும் படிவங்கள் குறைவு.