இதழ் எண்ணிய இளைஞர்

உயிரியலைக் கணிதங்கொண்டு ஆராயும் துறைக்கு அடிகோலியோருள் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒருவர். இயற்கைத் தேர்வு ஓரினத்தை எவ்வளவு விரைவில் மாற்றும் என்பதை 1924 முதல் சமன்பாடுகளால் வகுத்துக் காட்டியவர் அவர். ஒக்ஸ்போட்டில் அவர் பயின்றவையோ கணிதமும், கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும், மெய்யியலுமே. விஞ்ஞானப் பட்டம் அவரிடம் இல்லை. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி!

1957இல் இங்கிலாந்தை நீங்கி, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரவியல் நிலையத்திற் சேர்ந்தார். அங்கே இளைஞரை ஆராய்ச்சியிற் பழக்கிய முறை புதுமையானது. விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராது, கண்ணெதிரே உள்ளதை எண்ணுமாறு பணித்தார். எஸ். கே. ரோய் என்பவர் பவளமல்லிகையின் இதழ்களை எண்ணினார். வைகறையில் உதிரும் அப்பூக்களுட் பெரும்பாலானவை ஆறிதழ் கொண்டவை. சில ஐந்து, சில ஏழு. ஒரே மரத்தில் இவ்வேறுபாடு எத்துணை? ஏன்? சிறுபிள்ளையும் கேட்கக்கூடிய இவ்வினாவுக்கு விடை காணக் கணிதம் வேண்டியதாயிற்று. தென்னையை ஆராய்ந்த டேவிஸ் என்பார், ஓலைகள் சில மரங்களில் இடஞ்சுழியாகவும் சிலவற்றில் வலஞ்சுழியாகவும் அமைவதை எண்ணி, அச்சுழி மரபுவழி வருவதன்று என 1962இல் காட்டினார். நம் வளவுத் தென்னையில் தேங்காயைத் தவிர வேறெதனை நாம் எண்ணியிருக்கிறோம்?

அந்நிலையம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பட்டமளிக்கும் உரிமை பெற்று, 1960இல் இளநிலைப் பட்ட வகுப்பைத் தொடங்கிற்று. புள்ளிவிபரவியல் கற்க வந்த மாணாக்கர் உயிரியலையும் உடன் கற்றனர். 1961இல் அங்கிருந்து விலகிய ஹால்டேன், பின்னர் புவனேசுவரத்தில் ஆய்வுகூடம் அமைத்து, 1964 டிசம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அவ்விளைஞரின் எண்ணிக்கைகள் விஞ்ஞான ஏடுகளில் அச்சேறி இன்றும் இருக்கின்றன.