பச்சை மீன் தேடிப் போன கதை

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தநாளுக்கு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தோம். கோல்டு பிஷ் வேண்டாம், ஆப்பிரிக்கன் சிக்லிட்தான் வேண்டும், அதுவும் பச்சையாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தென்னேரியிலிருந்து கொளத்தூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம்.

அங்கே கடை கடையாக ஏறி இறங்கினோம். நீலம் இருந்தது, மஞ்சள் இருந்தது, வரிக்குதிரை மாதிரி பட்டை போட்டதும் இருந்தது. பச்சை மட்டும் இல்லை. ஒரு கடைக்காரர் "கிரீன் டெரர்" என்று ஒன்றைக் காட்டினார். அது தென் அமெரிக்காவில் ஈக்வடார், பெரு பக்கத்து மீன். "ஆப்பிரிக்கன்ல பச்சை கேக்காதீங்க சார், கிடைக்கறது கஷ்டம்" என்றார் இன்னொருவர்.

ஏன் கஷ்டம் என்று வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த சங்கதிதான். அந்தக் காலச் சாயக்காரர்கள் பட்டு நூலுக்குப் பச்சை ஏற்ற, மஞ்சளில் முக்கி, பிறகு அவுரி நீலத்திலும் முக்குவார்கள். மீன் தோலிலும் அப்படித்தான். மஞ்சள் நிறமி ஒரு அடுக்கு, ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டும் அடுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பச்சை. கடைகளுக்கு அதிகம் வருவது மலாவி ஏரி வகை. 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள அந்த ஏரியிலிருந்து கடைக்கு வருபவற்றில் நீலமும் மஞ்சளும்தான் மிகுதி. பச்சை சாயல் கொண்டவை விக்டோரியா ஏரியில் நிறைய இருந்தன. 1950களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய மீனை, சாப்பாட்டுக்கு ஆகும் என்று கொண்டுபோய் விட்டார்கள். 1980களில் அது ஏரியை நிறைத்தபோது சிறு மீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் தெருக் கிணறு ஞாபகம் வந்துவிட்டது.

ஆப்பிரிக்கன் சிக்லிட்டைத் தேடிக் கொளத்தூர் போயிருக்கவே வேண்டாம். நம் ஏரியிலேயே இருக்கிறது. ஜிலேபி கெண்டைதான் அது! திலேபியா என்ற பெயர் நம் வாயில் ஜிலேபி ஆயிற்று. மொசாம்பிக் நாட்டு ஆற்றில் பிடித்த மீனுக்கு ஜெர்மானிய விஞ்ஞானி பீட்டர்ஸ் 1852-இல் பெயர் வைத்தார். 1930களின் கடைசியில் அது எப்படியோ ஜாவா தீவில் முளைத்தது. அங்கே அதைக் கண்டெடுத்து வளர்த்த முஜாயிர் என்பவர் பெயரையே மீனுக்கும் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து கிழக்காசியா முழுக்கப் பரவி, 1952-இல், பெயர் வைத்துச் சரியாக நூறு வருஷத்தில், பாங்காக்கிலிருந்தும் சிலோனிலிருந்தும் இந்தியாவுக்கு வந்தது. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பதுதான் நோக்கம். அதில் குறை சொல்ல முடியாது. இலங்கையில் குளத்து மீன் பிழைப்பே அதனால் வளர்ந்தது. ஆனால் நம் நாட்டில், மற்ற மீன்களுக்கு ஆபத்து என்று 1959-இலேயே அதைப் பரப்பத் தடை சொல்லிவிட்டார்கள். மீன் தடையைப் படிக்குமா? பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து என்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அப்புறம் யார் அழிப்பது? அமராவதி அணையில் இன்றும் அதன் ராஜ்யம்தான்.

எங்கள் ஏரி பழையது. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி, அதுவே தென்னேரி ஆயிற்று என்பார்கள். சிறுவயதில் மதகடியில் துண்டு விரித்தால் கெண்டையும் உளுவையும் விழும், சேற்றில் கை விட்டால் குறவை. 1964 வாக்கில், நானும் என் சேக்காளிகளும் ஒரு தூக்குவாளி நிறைய ஜிலேபிக் குஞ்சுகளைப் பிடித்து வந்து தெருக் கிணற்றில் விட்டோம். விளையாட்டுத்தான். மறு வருஷம் அந்தக் கிணற்றில் வேறு மீனே இல்லை. அதுவும் விரல் நீளத்துக்கு மேல் வளராமல், கும்பல் கும்பலாக. அம்மா அதை ஆயவே மாட்டாள். "முள்ளு பாதி, மண்ணு வாசனை பாதி" என்பாள்.

பச்சைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் "கிரீன் குரோமைடு" என்று பெயர் பெற்ற சிக்லிட் ஒன்று உண்டு. அது நம் கரிமீன்! பச்சை உடம்பில் கருப்புப் பட்டை, முத்துத் தெளித்த மாதிரி புள்ளிகள். கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்து, வாழையிலையில் பொரித்துக் கொண்டாடுகிறது. நம் பழவேற்காட்டிலும் கிடைக்கும். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் குஞ்சு பொரித்துக் கொடுக்கிறார்கள். இதன் நெருங்கிய உறவுகள் மடகாஸ்கரில் இருக்கின்றன. அந்தத் தீவும் நம் நிலமும் ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன் பிரிந்தவை. அப்போதே மீனும் பிரிந்ததா, பின்னால் கடல் வழியே வந்ததா என்று விஞ்ஞானிகளுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், பேரன் கேட்ட பச்சைக்கு இதைவிடப் பொருத்தமான ஆப்பிரிக்கச் சொந்தம் வேறு கிடைக்காது. தேளி, கெளுத்தி மாதிரி வீரம் இல்லாத சாது மீன். தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும். ஜிலேபி புகுந்த இடத்தில் அது பாவம்தான்.

பேரனிடம் சொன்னேன். "அது குழம்பு மீன் தாத்தா" என்று முகத்தைச் சுளித்தான். கடைசியில் மலாவி மஞ்சள் மீன் ஆறு வாங்கி வந்தோம். எங்கள் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. குடிக்க ஆகாது, அந்த மீனுக்கு அமிர்தம். நாலே மாதத்தில் ஒன்று வாயை மூடிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தது. சீக்கு என்று பயந்தோம். பிறகு பார்த்தால் வாய் நிறையக் குஞ்சுகள்.

போன வாரம் கேட்டான்: "தொட்டியில இடம் இல்ல. குட்டிங்கள ஏரியில விட்டுடலாமா தாத்தா?"

தூக்குவாளிக் கதையை அப்போதுதான் முதல் முறையாக அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எண்ணிப் பார்த்து பதினேழு என்றான். பின்கட்டில் நீல டிரம்மில் விட்டிருக்கிறோம். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால் எடுத்துப் போகலாம், காசு வேண்டாம்.