அறுபது நாள் கெடு



உரிமை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். உரிமை மறுக்கப்பட்டவர் எந்தக் கதவைத் தட்டுவது, எத்தனை நாட்களுக்குள் தட்டுவது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நான் சொல்ல விரும்புவது அத்தகைய ஒரு கதவின் வரலாறு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-ஆம் ஆண்டில் பிறந்தது. உரிய தொகையை அரசாங்கம் மறுத்தால், அறுபது நாட்களுக்குள் மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்னும் விதி 1939-இல் சேர்ந்தது. நோயாலோ ஊனத்தாலோ உழைக்க இயலாதவர்க்கு உதவித் தொகை அளிக்கும் ஏற்பாடு 1956-இல் சட்டமாயிற்று.

இவ்வழக்குகளில் புதிதாகச் சாட்சிகளை விசாரிப்பதில்லை. இலாகாவின் கோப்பையே நீதிபதி படிக்கிறார். அறிவுடையோர் ஏற்கத்தக்க சான்று அதில் உண்டா, சட்டம் முறையாகக் கையாளப்பட்டதா என்று பார்க்கிறார். அப்படியானால், கோப்பிலேயே காணப்படாத அநீதியை எவ்வாறு கண்டறிவது?

நியூயார்க் மாநிலத்தில் இக்கேள்வி எழுந்தது. மனநோயாளர் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பது விதி. ஆனால் 1978 முதல் சில ஆண்டுகள், இலாகாவின் பட்டியலில் கண்ட அளவுக்கு நோய் முற்றாதவர் அனைவரும் எளிய வேலை செய்ய வல்லவரே என அதிகாரிகள் முன்கூட்டியே முடிவு கட்டினர். அவ்வழக்கத்தை வெளியே சொல்லவும் இல்லை. விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன, பெற்றுவந்த தொகைகளும் நின்றன. அந்த அதிர்ச்சியால் பலர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. உண்மைக் காரணத்தை அறியாமலே பலருக்கு அறுபது நாட்களும் கழிந்தன.

நியூயார்க் நகராட்சியும் மாநில அரசும் பாதிக்கப்பட்டோர் சிலரும் 1983-இல் வழக்குத் தொடுத்தனர். கெடு கடந்துவிட்டது என்று வாதாடியது மத்திய அரசாங்கம். மாவட்ட நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் 1984-இல் அவ்வாதத்தை மறுத்தார். 1986-இல் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அவ்வாறே தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பவல். அரசாங்கமே மறைத்த தவற்றை மக்கள் அறிய இயலாதபோது, அவர்கள்மீது கெடுவைச் சுமத்தலாகாது என்பதே அதன் சாரம். விண்ணப்பங்களை மீண்டும் திறந்து ஆராயும் கடமை இலாகாவைச் சேர்ந்தது.

கெடு தேவையற்றது என நான் கூறவில்லை. அது இன்றும் அறுபது நாட்களே. ஆனால் நாட்களை எண்ணுமாறு குடிமகனிடம் சொல்லும் அரசாங்கம், எண்ண வேண்டிய காரணத்தையும் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவே நீதி.