பீட்டாமேக்ஸ் செத்தது, டால்பி விஷன் சாகவில்லை

வீடியோ காசெட் காலத்தில் இரண்டு கட்சி. சோனியின் பீட்டாமேக்ஸ் (1975), ஜேவிசியின் விஹெச்எஸ் (1976). ஒன்றின் காசெட் மற்றதில் நுழையாது. விஹெச்எஸ் ஜெயித்தது, பீட்டாமேக்ஸ் வாங்கியவர்களின் பணம் முடங்கியது. 2002ல் சோனியே அந்த ரெக்கார்டரைக் கைவிட்டது.

2006ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அருப்புக்கோட்டை தறிக்காரருக்கும் திருச்சுழி மானாவாரி சம்சாரிக்கும் ஒரே 14 அங்குலப் பெட்டிதான். இன்று அவர்களே 4கே டிவி வாங்கப் போனால், "எந்த எச்டிஆர்?" என்ற கேள்வி வருகிறது.

வெயிலும் நிழலும் ஒரே காட்சியில் தெளிவாகத் தெரிய வைப்பதுதான் எச்டிஆர். 2014ல் டால்பி விஷன் வந்தது. அதற்கு டிவி கம்பெனி டால்பிக்கு லைசென்ஸ் பணம் கட்டவேண்டும். 2015ல் ராயல்டி இல்லாத எச்டிஆர்10. அது படம் முழுவதற்கும் ஒரே அளவு வைக்கும். டால்பி காட்சிக்குக் காட்சி மாற்றும். டால்பிக்குப் பணம் கட்ட விரும்பாத சாம்சங், 2017ல் அமேசானோடு சேர்ந்து எச்டிஆர்10+ கொண்டுவந்தது. அதுவும் காட்சிக்குக் காட்சி மாற்றும். ராயல்டி கிடையாது, ஆண்டுக் கட்டணம் மட்டும்.

ஆனால் இந்தச் சண்டையில் யாரும் சாகவில்லை. காரணம், எச்டிஆர்10 எல்லோருக்கும் பொது. டால்பி படத்தை சாம்சங் டிவியில் போட்டால் எச்டிஆர்10 ஆக ஓடும். கொஞ்சம் அழகு குறையும், அவ்வளவுதான்.

ஆகவே வாங்குபவர் பயப்பட வேண்டியது லோகோவுக்கு அல்ல. திரையில் போதிய வெளிச்சம் இல்லாவிட்டால் எந்த எச்டிஆரும் வெறும் ஸ்டிக்கர்தான்!