சர் நிலங்கள்

சர் என்பது, ஆறு அடித்துவரும் மணலும் வண்டலும் படிவதனால் ஆற்றின் நடுவிலோ கரையோரத்திலோ உருவாகும் நிலத்தைக் குறிக்கும் வங்காள மொழிச் சொல்லாகும். ஆற்றின் நடுவே அமைந்த இத்தகைய நிலம் தமிழில் ஆற்றிடைக்குறை எனப்படும். வங்காளதேசத்தில் ஜமுனா, பத்மா, மேக்னா ஆகிய ஆறுகளின் சர் நிலங்களில் இலட்சக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர். இங்கு ஜமுனா எனப்படுவது பிரம்மபுத்திராவின் கீழ்ப்பகுதியாகும். இது இந்தியாவின் யமுனை ஆறு அன்று.

தோற்றமும் அழிவும்

ஜமுனா பல கிளைகளாகப் பிரிந்தும் மீண்டும் இணைந்தும் ஓடுகின்றது. இதன் கரைகள் மணற்பாங்கானவை ஆதலால் எளிதில் அரிக்கப்படுகின்றன. புதிதாக எழும் சர் முதலில் வெறும் மணல் திட்டாகவே இருக்கும். அதில் நாணல் முளைத்து வண்டலைத் தடுத்து நிறுத்த, சில ஆண்டுகளில் நிலம் பயிரிடத் தக்கதாகின்றது. பின்னர் அதே ஆறு அதனைக் கரைத்துவிடுவதும் உண்டு. இதனால் பல குடும்பங்கள் வாழ்நாளில் பலமுறை இடம்பெயர்கின்றன. பிரித்தெடுத்துப் படகில் ஏற்றிச் செல்லக்கூடிய தகர வீடுகளே இங்கு மிகுதி.

1998ஆம் ஆண்டு வெள்ளத்தில் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீரில் மூழ்கியது. புவி சூடாதலினால் தென்னாசியாவில் கனமழை மேலும் கடுமையாகும் என அறிவியலாளர் மதிப்பிடுகின்றனர்.

நில உரிமை

1972ஆம் ஆண்டுச் சட்டமாற்றத்தின்படி, ஆற்றில் கரைந்து மீண்டும் எழுந்த நிலம் அரசுக்கு உரியதாயிற்று. 30 ஆண்டுகளுக்குள் மீண்டும் எழும் நிலத்தில் முன்னைய உரிமையாளரின் உரிமை தொடர 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஆயினும் செல்வாக்கு மிக்கோர் தடியாட்களைக் கொண்டு புதிய சர்களைக் கைப்பற்றுவது நீண்டகாலச் சிக்கலாகும். நிலம் இழந்த ஏழைகள் குத்தகையாளராகவோ கூலிகளாகவோ அங்கு வாழ்கின்றனர்.

தகவமைப்பு முயற்சிகள்

- வீட்டு மேடுகள்: ஐக்கிய இராச்சிய அரசின் நிதியுதவியுடன் 2004 முதல் 2016 வரை நடைபெற்ற சர் வாழ்வாதாரத் திட்டம், குரிகிராம், கைபந்தா, சிராஜ்கஞ்ச் முதலிய மாவட்டங்களில் வீடுகளுக்கு மண்மேடுகள் அமைத்தது. பின்னர் ஆஸ்திரேலிய அரசும் நிதி அளித்தது. முன்னர் பதிவான மிக உயர்ந்த வெள்ள மட்டத்திற்கு ஏறத்தாழ 2 அடி மேலாக இம்மேடுகள் எழுப்பப்பட்டன. மண் சுமந்த உள்ளூர் மக்களுக்குக் கூலி வழங்கப்பட்டது.
- கால்நடை: மிக வறிய குடும்பங்களுக்குச் சொத்து ஒன்று வழங்கப்பட்டது. பெரும்பாலானோர் மாட்டையே தெரிவு செய்தனர். நிலத்தைப் போலன்றி, மாட்டை உடன் கொண்டு செல்லவும் இடருற்ற காலத்தில் விற்கவும் இயலும்.
- மணற்குழிப் பயிர்: வெள்ளம் வடிந்த பின் மணலில் குழி தோண்டி, மக்கிய எருவிட்டுப் பூசணி பயிரிடுவர். பூசணிக்காய் பல மாதங்கள் கெடாது. ஆதலால் அடுத்த மழைக்காலத்திற்கு உணவாகவும் வருவாயாகவும் பயன்படுகின்றது.
- மருத்துவப் படகுகள்: சாலையும் பாலமும் அற்ற சர்களுக்கு மருத்துவமனையே படகில் செல்கின்றது. பிரெண்ட்ஷிப் என்னும் தொண்டு நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் இச்சேவையை நடத்தி வருகின்றது.

வரம்புகள்

மண்மேடு வெள்ளத்திலிருந்து காக்கும், அரிப்பிலிருந்து காக்காது. சர் கரையும்போது அதன் மீது எழுப்பிய மேடும் சேர்ந்தே கரைகின்றது. மேடு நிலைத்து நின்றாலும், வெள்ளம் நீடித்தால் கூலி வேலையும் கால்நடைத் தீவனமும் கிடைப்பதில்லை. எனவே சர் மக்களுக்கான உதவி, இருக்கும் இடத்தைக் காப்பதோடு நில்லாமல், இடம்பெயரும்போது உடைமை, கல்வி, மருத்துவம், நில உரிமை ஆகியன அற்றுப் போகாதிருக்கவும் வழிசெய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- பிரம்மபுத்திரா ஆறு
- சுந்தரவனம்
- புவி சூடாதல்