பருத்திமாரும் இந்தூர் குழியும்

சோமனூர்ப் பக்கம் இப்போ புது லேஅவுட், மில் வளாகம், காலேஜ் எல்லாத்துலயும் தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட்தான். வெட்டின புல்லும் கவாத்து பண்ணின கிளையும் டெம்போவில் வெளியே போகும். இல்லையென்றால் மூலையில் கிடந்து புகையும். அப்புறம் அதே கேட் வழியாக எரு மூட்டை உள்ளே வரும். ரெண்டுக்கும் பில் உண்டு.

இந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன்னால் யோசித்தவர் ஆல்பர்ட் ஹோவார்ட். 1924-ல் இந்தூரில் அவர் தொடங்கிய ஆய்வு நிலையம் முக்கியமாகப் பருத்திக்கானது. மத்தியப் பருத்திக் குழுவும் பணம் கொடுத்தது. பஞ்சை ஆராயப் போனவர் உலகத்துக்குக் கொடுத்தது ஒரு குப்பைக்குழி! தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

அங்கே சிக்கல், சாணியில் பெரும்பங்கு வறட்டியாகி அடுப்புக்குப் போனதுதான். மிஞ்சியது களை, சருகு, பருத்திமார். கொஞ்சம் சாணி, மாட்டு மூத்திரம் ஊறின மண், சாம்பல் சேர்த்து அடுக்கி, தண்ணீர் தெளித்து, மூன்று தடவை புரட்டினால் மூன்று மாதத்தில் மட்கு உரம். 1931-ல் யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து இதைப் புத்தகமாகவே போட்டார். நம்ம கட்டுத்தரை குப்பைமேடு இதைவிட மெதுவாக மட்குவதற்குக் காரணம், உள்ளே காற்று போகாததுதான். சீன உழவர்களிடமிருந்து கற்றதையும் ஹோவார்ட் மறைக்கவில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் பருத்திமாரை அவர் கையாண்ட விதம். கட்டை மாதிரி இருக்கும், லேசில் மட்காது. பண்ணைப் பாதையில் பரப்பி விட்டார். வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் நசுக்கிக் கொடுத்தன. இன்றைக்கு ஷ்ரெடர் செய்கிற வேலை, செலவில்லாமல்.

வளாகத்தில் மாடு ஏது என்பார்கள். புல்வெளியில் வெட்டின பச்சைப் புல்லே சாணியின் வேலையில் பாதியைச் செய்யும். அதை மட்டும் குவித்தால் நாறும். சருகை மட்டும் குவித்தால் அப்படியே கிடக்கும். கரிச்சத்து 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்கிற அளவுக்குக் கலக்கவேண்டும். நறுக்கின கிளையைக் குழியில் போடவே வேண்டாம். தண்டில் ஒட்டாமல் செடியைச் சுற்றி ரெண்டு மூணு அங்குலம் மூடாக்குப் போட்டால், மழை குறைந்த நம்ம பக்கத்தில் ஈரம் நிற்கும்.

தடை காண்ட்ராக்ட் தாளில் இருக்கிறது. குப்பையை 'அகற்ற' லோடுக்கு இவ்வளவு என்று ரேட் போட்டிருந்தால், எந்த காண்ட்ராக்டர் குழி வெட்டுவார்? அந்த வரியை அடித்துவிட்டு, குழி புரட்டும் ஆள்கூலியை எழுதச் சொல்லலாம்.