விட்டுவிட்டு நிற்கும் எஞ்சின்: ஒரு பழைய வானுக்குள் கிடந்த வரலாறு

ஆனையிறவில் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் வெளி, நடுவில் ஏ-9 வீதி. ஒருநாள் காலை எங்கள் வான் அங்கேதான் நின்றது. கிளிநொச்சியிலிருந்து அம்மம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். அப்பா முன் சீட்டைத் தூக்கினார். டவுன்ஏஸ் வானில் எஞ்சின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஒயர்களை ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. கால்மணித்தியாலம் கழித்துத் திறப்பைத் திருப்பினால், ஒரு குறையும் இல்லாததுபோல ஸ்ரார்ட் ஆகியது.

அடுத்த நாள் கராஜில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நிற்கவே இல்லை. "டொக்டரைக் கண்டா எனக்கும் வருத்தம் ஒளிச்சிடும்" என்று அம்மம்மா சிரித்தா.

அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் வான் ஆறு தரம் நின்றது. இரண்டு கிளினிக் தவறியது. "உங்களுக்கு ஏன் கரைச்சல், நான் இனிப் போகேல்லை" என்று சொல்லிவிட்டா. ஒரு கராஜில் பில்ற்றரை மாத்தினார்கள். இன்னொன்றில் பற்றறி ஒயர்களை. மூன்றாவது இடத்தில் பம்பையும் நோசில்களையும் கழற்றிச் செய்யவேண்டும் என்றார்கள். அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம் அதற்குப் போதாது.

இந்தக் கட்டுரை அந்தப் பழுதைத் தேடியதில் தொடங்கியது. தேடப்போன இடத்தில் எங்கள் ஊரின் முப்பது வருட வரலாறும் கூடவே வந்தது.

ஏன் இன்னும் பழைய வான்?

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகுதான் யப்பானில் பாவித்த வாகனங்கள் இலங்கைக்குப் பெருமளவில் வரத் தொடங்கின. டவுன்ஏஸ், டெலிக்கா, வனெற், ஹையேஸ் என்று வான்கள் குடும்ப வாகனமாகின. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரே வான்தான். ஹையேஸின் ஒரு வடிவத்துக்கு 'டொல்பின்' என்று செல்லப்பெயரே நிலைத்துவிட்டது.

வடக்குக்கு இந்தக் காலம் பிந்தித்தான் வந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் நிலையாகத் திறந்தது. அப்பா எங்கள் வானை 2011இல் வாங்கினார். அப்போதே அதற்கு இருபது வயது.

கொஞ்சம் புதுசாக ஒன்று பார்க்கலாம் என்ற யோசனை 2020 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆனது. ஐந்து வருடம் வாகனம் வராத நாட்டில் பழைய வானின் விலையும் ஏறியது. ஆகவே பழுதைக் கண்டுபிடிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்றைய வாகனமென்றால் ஸ்கானரைச் செருகிக் கோட் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்து அந்த வசதி கட்டாயம். எங்கள் வானில் இருப்பது 2சி டீசல் எஞ்சின். அதன் பம்ப் மெக்கானிக்கலாக ஓடுவது. பழுதைக் குறித்துவைக்க அதற்குள் ஒரு கொம்பியூட்டரும் இல்லை. எப்போது, எப்படி நின்றது என்பதை மனிதர்தான் நினைவு வைத்திருக்கவேண்டும்.

மண்ணெண்ணெயில் படித்த காது

கடைசியில் பரந்தனில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் மாமாவிடம் போனோம். அவர் வானைத் தொடவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"திடீரெண்டு நிண்டதோ, இல்லாட்டி இழுத்து இழுத்து நிண்டதோ?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆறு தரம் நின்ற வான். ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"திறப்பை நிப்பாட்டின மாதிரி டக்கெண்டு நிண்டா கரண்ட். பம்பில ஒரு சொலினொயிட் இருக்கு, அதின்ர ஒயர் விட்டா டீசலை அடைச்சுப்போடும். இழுத்து நிண்டா டீசல் வரத்துப் பிழை. ரெண்டும் ரெண்டு வருத்தம் பிள்ளையள்."

இந்தக் கேள்வியை எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். 1991இல் சாவகச்சேரியில் கராஜ் ஒன்றில் பெடியனாக நின்றபோது என்றார்.

அந்தக் காலத்தை எங்கள் வயதுக்காரர் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றறி எதுவும் குடாநாட்டுக்குள் வரவிடப்படவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக வந்தது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதுதான் காரணம்.

இதை வெறும் ஊர்ச் சாமர்த்தியம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும்படி கொம்பனியிலேயே செய்யப்பட்டது. ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களின் அமுக்க விகிதமும் ஏறத்தாழ 7:1 அளவில் குறைவாக இருந்தது. அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கின. கிழட்டுக் கார்கள் ஓடியதற்கும் கொஞ்சம் புதிய கார்கள் கொட்டிலுக்குள் கிடந்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த எஞ்சின்கள் சும்மா ஓடவில்லை. எரியாத மண்ணெண்ணெய் வடிந்து ஓயிலை நீராக்கும். பிளக் கறுத்துப்போகும். ஏற்றத்தில் தட்டும். நல்லாய் ஓடும், பிறகு நிற்கும், பிறகு ஓடும். மாற்றிப்போட உதிரிப்பாகமும் இல்லை. "இப்ப பெடியள் சாமானை மாத்திப் பாத்துப் பழுது பிடிக்கிறாங்கள். எங்களிட்ட மாத்த சாமான் இருக்கேல்லை. கேட்டுத்தான் பிடிக்கவேணும்" என்றார் மாமா. ஓயிலை விரலில் தொட்டு மணப்பது, சத்தத்தில் எந்தச் சிலிண்டர் என்று சொல்வது, சாரதியிடம் விசாரிப்பது எல்லாம் அந்தத் தடைக்குள் பழகியவை.

கொப்பியும் கானும்

மாமா எங்களிடம் ஒரு கொப்பி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும்: எத்தனை கிலோமீற்றரில் நின்றது, தாங்கியில் எவ்வளவு டீசல், வெயிலா மழையா, வேகமா மெதுவா, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஸ்ரார்ட் ஆனது.

ஒரு மாதத்தில் நான்கு பதிவுகள் சேர்ந்தன. மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. தாங்கி நிறைந்திருந்தும் நின்றது, குறைந்திருந்தும் நின்றது. ஆனால் நான்கு முறையும் நீளமான வீதியில், வேகமாக, இருபது கிலோமீற்றருக்குப் பிறகு. நான்கு முறையும் இழுத்து இழுத்துத்தான். ஊருக்குள் ஒருதரமும் இல்லை. கராஜில் அது ஏன் 'ஒளித்தது' என்பது அப்போதுதான் விளங்கியது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் கேட்கும் டீசல் கொஞ்சம்தான். கராஜ்காரர் பொய் சொல்லவில்லை, பழுது வரக்கூடிய நிலைமை அங்கே இருக்கவில்லை.

மாமா முதலில் பில்ற்றருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு தெளிந்த குழாயைப் போட்டார். காற்றுக் குமிழ் வரவில்லை. அப்படியென்றால் எங்கேயும் காற்று இழுக்கவில்லை. பிறகு ஒரு கானில் சுத்தமான டீசல் எடுத்து, தாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, கானிலிருந்து நேரே எஞ்சினுக்குக் கொடுத்தார். பம்பிலிருந்து திரும்பிவரும் குழாயையும் அதே கானுக்குள் விட்டு, கானை இறுக்கிக் கட்டித் தானும் ஏறிக்கொண்டார். பரந்தனிலிருந்து போய்வர நாற்பது கிலோமீற்றர். வான் ஒருதரமும் நிற்கவில்லை.

பம்பும் நோசில்களும் பிழை இல்லை. இரண்டு மாதச் சம்பளம் தப்பியது.

"அந்த நாளில பெற்றோல் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு காருக்குள்ள இருந்தனான்" என்றார் மாமா. "இதுவும் அதுதான்."

தாங்கிக்குள் 2022

தாங்கியை இறக்கினோம். அடியில் கறுப்பாக, வழுவழுப்பாக, பாசிபோல ஒரு படிவு. கூடவே துருத்தூள். வேகமாக ஓடும்போது இந்தப் படிவு இழுபட்டுக் குழாயின் வாயிலுள்ள வலையை அடைத்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் இழுவை இல்லாமல் மெல்ல விழுந்துவிடும். கால்மணித்தியாலத்தில் வான் 'சுகமாகும்'.

டீசலுக்குள் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். தண்ணீர் எப்படி வந்தது என்று மாமா கேட்டபோது அப்பா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. அந்த ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கியூஆர் அட்டை வந்தபோது வானுக்கு வாரம் 20 லீற்றர். அதற்கு முந்திய மாதங்களில் கிடைத்த டீசலையெல்லாம் அப்பா பழைய கான்களில் ஊற்றிக் கோடிக்குள் வைத்திருந்தார், அம்மம்மாவுக்கு ஏதும் அந்தரம் என்றால் வேணும் என்று. மழைக்காலமும் போனது. வான் மாதக்கணக்கில் நின்றது. பிறகு அந்தக் கான்களை ஒவ்வொன்றாகத் தாங்கிக்குள் ஊற்றினோம்.

அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சேர்த்துவைத்த டீசல்தான் அவவை ஆனையிறவில் வெயிலுக்குள் இருத்தியது. அப்பாவைக் குறைசொல்ல முடியவில்லை. தடைக்காலத்தில் வளர்ந்த ஒருவர் வேறென்ன செய்வார்?

1990களின் பொருளாதாரத் தடையையும் 2022 நெருக்கடியையும் வேறுவேறு கதைகளாகத்தான் நினைக்கிறோம். எங்கள் வானில் அவை ஒரே இடத்தில் சந்தித்தன. ஒரு தட்டுப்பாடு தாங்கிக்குள் அழுக்காய்க் கிடந்தது. இன்னொரு தட்டுப்பாடு அதைக் கண்டுபிடிக்கும் அறிவாய் ஒரு மனிதரிடம் இருந்தது. அந்த அறிவு எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லை. மாமாவின் கராஜில் இப்போது பழக ஒரு பெடியனும் இல்லை.

எங்கள் ஊர்களில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீங்களும் வாகனம் திருத்தப்போகும்போது திருத்தும்வரை போனைப் பார்த்துக்கொண்டிராமல், எங்கே பழகினீர்கள் என்று ஒருதரம் கேளுங்கள், எழுதிவையுங்கள். நாங்கள் அந்தக் கொப்பியின் மறுபக்கத்திலிருந்து மாமாவின் கதைகளை எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

அம்மம்மா போன கிளினிக்குக்குப் போனா. ஆனையிறவு வந்ததும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "மெதுவாப் போ" என்று மட்டும் சொன்னா.